மணலும் நூலும் தின்னும் பிள்ளை: ஓட்டிசத்தில் வரும் பைக்காவை விளங்கிக்கொள்வது

முற்றத்து மணலை அள்ளி வாயில் போடுகிறது. சுவரில் உரிந்து நிற்கும் பெயின்றைச் சுரண்டித் தின்கிறது. சட்டைக் கழுத்தைச் சப்பிச் சப்பி, கடைசியில் நூலை உருவி விழுங்கிவிடுகிறது. ஓட்டிசம் உள்ள பிள்ளை இப்படிச் செய்யும்போது மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு தாய்க்கு ஒரே நாளில் மூன்று அறிவுரை கிடைத்துவிடும். "வயித்துல பூச்சி, மருந்து குடுங்க" என்பார் ஒருவர். "சத்து இல்ல" என்பார் இன்னொருவர். "செல்லம் கூடிப்போச்சு, ரெண்டு அடி போடுங்க" என்பார் மூன்றாமவர்.

முதல் இரண்டிலும் பாதி உண்மை உண்டு. மூன்றாவது முழுத் தவறு, ஆபத்தும்கூட. அடிக்குப் பயந்த பிள்ளை தின்பதை நிறுத்துவதில்லை, ஒளித்துத் தின்னப் பழகுகிறது. எதை விழுங்கியது என்று பிறகு யாருக்கும் தெரியாது. வைத்தியருக்கு முதலில் தேவைப்படும் தகவலே அதுதான்.

எதை பைக்கா என்கிறோம்?

உணவாக இல்லாத, சத்தும் தராத பொருட்களைத் திரும்பத் திரும்பத் தின்னும் பழக்கத்துக்கு மருத்துவத்தில் 'பைக்கா' என்று பெயர். கண்டதையும் கொத்தித் தின்பதாகச் சொல்லப்படும் மேக்பை என்ற பறவையின் லத்தீன் பெயர் அது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்ற மனநலக் குறைபாடுகளை வகைப்படுத்தும் கையேட்டின்படி, பழக்கம் குறைந்தது ஒரு மாதமாவது தொடர வேண்டும். பிள்ளையின் வளர்ச்சிப் படிக்குப் பொருந்தாததாக இருக்க வேண்டும். ஊர் வழக்கமாகவோ சமய வழக்கமாகவோ ஏற்றுக்கொள்ளப்பட்டதாக இருக்கக் கூடாது. ஒன்றரை வயதுப் பிள்ளை எதையும் வாயில் வைத்துத்தான் உலகத்தை அறிகிறது. அதனால் இரண்டு வயதுக்கு முன் இந்தப் பெயரைச் சூட்டுவதில்லை. கோயிலில் ஒரு சிட்டிகை திருநீறு வாயில் போடுவதும் பைக்கா ஆகாது. அதே பிள்ளை திருநீற்றுக் கிண்ணத்தைத் தேடிப்போய் நாள்தோறும் அள்ளித் தின்றால், அது வேறு கதை.

இரண்டு வேறுபாடுகளைக் கவனியுங்கள். வாயில் வைத்துச் சப்பிவிட்டுத் துப்புவது ஒன்று, விழுங்குவது இன்னொன்று. சப்புவது மட்டும் என்றால் ஆபத்துக் குறைவு, ஆனால் விழுங்குவதற்கு முந்தைய படியாகவும் அது இருக்கலாம். அடுத்து, பச்சரிசியும் ஐஸ்கட்டியும். இவை உணவுப் பொருட்கள்தான். ஆனாலும் ஒரு பிள்ளை பச்சரிசியைப் பிடி பிடியாக மெல்கிறது, ஐஸ்கட்டி கேட்டு அடம்பிடிக்கிறது என்றால் உடம்பில் இரும்புச்சத்து இறங்கியிருக்கலாம், பார்க்கத்தான் வேண்டும்.

ஓட்டிசத்தில் இது எவ்வளவு பரவலானது? அமெரிக்காவில் முன்பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2021இல் வெளியானது. ஓட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ 23 வீதத்தினரிடம் பைக்கா இருந்தது. பொதுவான பிள்ளைகளில் 3.5 வீதம்தான். ஓட்டிசத்தோடு அறிவுவளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்தவர்களிடம் அது 28 வீதம். நாலில் ஒரு பிள்ளைக்குக் கிட்ட இது வருகிறது என்றால், வளர்ப்பில் என்ன பிழை விட்டோம் என்று ஒரு தாய் தன்னையே நோக வேண்டிய தேவை இல்லை.

ஏன் தின்கிறது?

ஒரே செயலுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். எந்தக் காரணம் என்று தெரியாமல் வைத்தியம் செய்தால் மாதங்கள் வீணாகும்.

1. உடம்பில் ஒன்று குறைகிறது. இரும்புச்சத்தும் நாகச்சத்தும் (சிங்க்) குறைந்த பிள்ளைகளிடம் பைக்கா அதிகம் காணப்படுகிறது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் நாலைந்து உணவுகளைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. வெள்ளைச் சோறு, பிஸ்கட், பால்மா என்று நாள் ஓடும். பால் அளவுக்கு மிஞ்சினால் இரும்புச்சத்து இன்னும் இறங்கும். சாப்பாட்டோடு பிளேன்ரீ குடிப்பதும் உணவில் இருக்கும் இரும்பை உடம்பில் சேரவிடாது. அப்புறம் ஒரு சுழல் தொடங்குகிறது: இரும்பு குறைந்ததால் மண் தின்கிறது, சில களிமண் வகைகள் குடலில் இரும்பைப் பிடித்துக்கொள்வதால் இரும்பு மேலும் குறைகிறது.

பூச்சிக் கதையின் பாதி உண்மையும் இங்கேதான் வருகிறது. கொக்கிப்புழு பெரும்பாலும் செருப்பில்லாத காலின் தோல் வழியே நுழைந்து, குடலில் ஒட்டி இரத்தம் குடிக்கும். அதனால் இரும்பு குறையும். வட்டப்புழுவும் சாட்டைப்புழுவும் மண்ணோடு வாய்வழியே போகின்றன. ஆக, பூச்சியால் மண்ணாசை வரலாம், மண்ணால் பூச்சியும் வரலாம். பூச்சி மருந்தைக் காலம் தவறாமல் கொடுக்க வேண்டும். ஆனால் காரணம் வேறாக இருந்தால் அந்தக் குளிசை மட்டும் பழக்கத்தை நிறுத்தாது.

2. வாய்க்கு அந்த உணர்வு பிடித்திருக்கிறது. ஓட்டிசத்தில் மிக அதிகம் காண்பது இதுதான். மணலின் நறநறப்பு, நூலை இழுத்துக் கடிக்கும் இறுக்கம், ஸ்பொஞ்சின் மென்மை, பெயின்றுச் செதிலின் மொறுமொறுப்பு ஆகியவையே அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் இன்பம். யாரும் பார்க்காவிட்டாலும் தின்னும். திட்டினாலும் தின்னும்.

3. உணவு எது, உணவல்லாதது எது என்ற பிரிப்பு இன்னும் பதியவில்லை. சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகள் இதைக் கற்றுக்கொள்வார்கள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். சில பிள்ளைகளுக்கு இதையும் ஒரு பாடமாகப் படிப்படியாகக் கற்பிக்க வேண்டும்.

4. அதனால் ஏதோ நடக்கிறது. வாயில் மண் போட்டதும் அம்மா அடுப்படியை விட்டு ஓடி வருகிறார். முன்பள்ளியில் பிடிக்காத வேலை நின்றுவிடுகிறது. பேச்சு வராத பிள்ளைக்கு இது ஒரு மொழியாகவே மாறிவிடலாம்.

ஒரு வாரக் குறிப்பு

இந்த நாலில் எது என்று கண்டுபிடிக்க ஒரு பழைய கொப்பி போதும். ஏழு நாளைக்கு, ஒவ்வொரு முறையும் ஐந்து விடயம் எழுதுங்கள்: எத்தனை மணி, எங்கே, எதை (சப்பியதா, விழுங்கியதா), அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அதன் பின் நீங்கள் என்ன செய்தீர்கள்.

எடுத்துக்காட்டாக, ஒரு வாரக் குறிப்பில் பத்து முறை மணல் என்று இருக்கிறது. எட்டு முறை காலை பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் இடையில், தனியாக முற்றத்தில் நிற்கும்போது. இங்கே பசியும் சும்மா இருப்பதும் சேர்ந்திருக்கின்றன. பத்து மணிக்கே ஒரு சிற்றுணவும் கைக்கு ஒரு வேலையும் கொடுத்துப் பார்க்க இடமுண்டு. மாறாக, எல்லாமே எழுத்து வேலையின்போது கடித்த பென்சில் றப்பர் என்றால், அந்த வேலையின் கடினத்தைத்தான் குறைக்க வேண்டும். இந்தக் கொப்பியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். "எல்லாத்தையும் திங்கிறான் டொக்டர்" என்ற ஒரு வரியைவிட அது பல மடங்கு உதவும்.

எதைத் தின்றால் என்ன ஆபத்து?

கையளவு மணல் ஒருமுறை உள்ளே போனால் பெரும்பாலும் மலத்தோடு வெளியே வந்துவிடும். நாள்தோறும் போனால் மலச்சிக்கல், பல் தேய்வு, அரிதாகக் குடல் அடைப்பு வரும். நாயும் பூனையும் புழங்கும் மணல் என்றால் அவற்றின் புழு முட்டைகளும் சேர்ந்து போகும். அந்தப் புழுக்குஞ்சுகள் சில வேளை கண்ணையும் பாதிக்கும். இனி, நம் பகுதி வீடுகளில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை.

1. ஈயம். கரையோரக் கிராமங்களில் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு வீட்டுத் திண்ணையிலேயே கிடக்கும். சிறியது, வழவழப்பானது, விழுங்க எளிது. வயிற்று அமிலத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இரத்தத்தில் சேரும். வீட்டில் ஈயம் உருக்கினால் அதன் தூசி மணலிலும் படியும். பழைய பெயின்று இன்னொரு வழி. இலங்கையில் பெயின்றில் ஈயத்துக்குச் சட்ட எல்லை 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய கதவு, ஜன்னல், தொட்டில் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. ஒரே அளவு ஈயத்தை விழுங்கினாலும் பெரியவரைவிடச் சிறு பிள்ளையின் உடம்பு 4 அல்லது 5 மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறது. இரும்புச்சத்து குறைந்த பிள்ளையில் இது இன்னும் கூடும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தாலே, எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈயம் பாதிப்பது மூளையை. ஏற்கெனவே பேச்சுக்கும் கவனத்துக்கும் போராடும் பிள்ளைக்கு இந்தச் சுமையும் சேரக் கூடாது.

2. நூலும் தலைமுடியும். மருதமுனை போலக் கைத்தறி நடக்கும் ஊர்களில் நூல் கைக்கெட்டிய இடமெல்லாம் கிடக்கும். மீன்பிடி வீடுகளில் தங்கூசி என்ற நைலோன் நூல். விழுங்கிய நூல் வயிற்றில் பந்தாகச் சுருண்டு அடைக்கலாம். மலவாசலில் நூல் நுனி தெரிந்தால் இழுக்கவே கூடாது. உள்ளே குடலை அறுத்துவிடும். வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும்.

3. பொத்தான் பற்றரி. பொம்மை, ரிமோட், விளையாட்டுக் கைக்கடிகாரம் எல்லாவற்றிலும் இருக்கிறது. உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணித்தியாலத்துக்குள்ளேயே கடுமையாகச் சுட்டுப் புண்ணாக்கும்.

4. காந்தம். ஒன்று பெரும்பாலும் வெளியே வந்துவிடும். இரண்டு விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளை இடையில் வைத்து ஒன்றையொன்று பற்றிக்கொண்டு துளை போடும்.

5. மஞ்சள் அலரி. வேலியோரத்தில் அழகுக்காக நிற்கும் இந்த மரத்தின் விதை இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு. வடக்கு கிழக்கில் எத்தனையோ உயிரைக் குடித்த விதை இது. பைக்கா உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த மரத்தைத் தறித்துவிடுங்கள் என்றே சொல்வேன். கார்த்திகைப் பூக் கிழங்கும் அப்படித்தான்.

6. இரும்புச்சத்துக் குளிசை. கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் கொடுப்பது, மிட்டாய்போல இருக்கும். பல குளிசைகளை ஒன்றாக விழுங்கினால் சிறு பிள்ளையின் உயிரையே எடுக்கும். பிள்ளைக்கு இரும்பு குறைவு என்று கேள்விப்பட்டதும் தாயின் குளிசையை உடைத்துக் கொடுப்பதும் கூடாது.

சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்க வயல் வீடுகளில் களைநாசினியும் பசளையும் வீட்டுக்குள்ளேயே இருப்பது தெரிந்ததுதான். பூட்டும் திறப்பும் இல்லாமல் அவற்றை வைக்கவே கூடாது.

உடனே ஓட வேண்டிய நேரம்

பற்றரி, காந்தம், கூரான பொருள், அலரி விதை, மருந்துக் குளிசை, பூச்சிகொல்லி, மண்ணெண்ணெய் ஆகியவற்றில் எதை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலும் அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். 1990ஐ அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரவழையுங்கள், அல்லது கிடைக்கும் வாகனத்தில் கிளம்புங்கள். பொருளின் மீதியையோ பெட்டியையோ கையோடு கொண்டுபோங்கள்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெய் வாந்தியாக வரும்போது நுரையீரலுக்குள் போய்விடும். பற்றரி திரும்பி வரும் வழியிலும் சுடும். பற்றரிக்கு மட்டும் ஒரு விலக்கு: ஒரு வயதுக்கு மேற்பட்ட, விழுங்க முடிகிற பிள்ளை என்றால் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம், மொத்தம் 6 முறைக்கு மேல் இல்லை. தேன் தேடுவதற்காகப் பயணத்தைத் தாமதிக்கக் கூடாது.

எதை விழுங்கியது என்று தெரியாமலே கீழ்க்கண்டவை வந்தாலும் அதே அவசரம்தான்: ஓயாமல் எச்சில் வடிதல், திடீரென்று சாப்பிட மறுத்தல், பச்சையாகவோ இரத்தமாகவோ வாந்தி, வயிறு ஊதி மலம் போகாமை, கறுத்த மலம். பேச்சு வராத பிள்ளை வயிற்றுவலியைச் சொல்லாது. வழக்கத்துக்கு மாறாகத் தலையை மோதும், தன்னைத்தானே கடிக்கும், அல்லது சுருண்டு படுக்கும். அதை "ஓட்டிசக் குணம்" என்று தள்ளிவிடாதீர்கள். வைத்தியசாலையில் யாராவது அப்படித் தள்ளினால், பைக்கா இருக்கிறது என்பதை எடுத்துச்சொல்லி எக்ஸ்ரே தேவையா என்று கேளுங்கள்.

எந்தப் பரிசோதனைகள்?

முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வழியாக, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கல்முனை, அம்பாறை வைத்தியசாலைகளிலோ குழந்தை நல வைத்திய நிபுணரைப் பார்க்கலாம். அவரிடம் கேட்க வேண்டியவை: முழு இரத்தப் பரிசோதனை, பெரிட்டின், ஈய அளவு, தேவைப்பட்டால் நாகச்சத்து, மலப் பரிசோதனை.

பெரிட்டின் பற்றிக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். அது உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிறது. ஹீமோகுளோபின் கைச்செலவுக் காசு என்றால், பெரிட்டின் வங்கியில் கிடக்கும் காசு. வங்கி காலியாகிக்கொண்டிருக்கும்போதும் கையில் காசு இருக்கலாம். அதனால் "இரத்தம் நல்லா இருக்கு" என்ற ஒரு சொல்லோடு திரும்பிவர வேண்டாம். 5 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு லீற்றருக்கு 12 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்றால் சேமிப்புக் குறைவு. காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது பெரிட்டின் பொய்யாக உயர்ந்து தெரியும். உடம்பு தேறிய பிறகு எடுப்பது நல்லது. குறைவு உறுதியானால் வைத்தியர் அளந்து தரும் இரும்பு மருந்தைச் சொன்ன காலம் முழுவதும் கொடுக்க வேண்டும். இரத்தம் கூடியதும் நிறுத்தினால் சேமிப்பு நிரம்பாது. தேசிக்காய்ச் சாறோ கொய்யாவோ சேர்த்துக் கொடுத்தால் உணவின் இரும்பு நன்றாக உடம்பில் சேரும்.

சில பிள்ளைகளில் இரும்பு சரியானதும் பழக்கம் வாரங்களில் மறைந்துவிடுகிறது. பலரில் மறைவதில்லை. அங்கேதான் வீட்டு வேலை தொடங்குகிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை

கைக்கு எட்டுவதைக் குறைப்பதுதான் முதல் வேலை. நாள்தோறும் காலையில் ஒருவர், பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, வீட்டை ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். நின்று பார்த்தால் தெரியாத ஊசியும் நூலும் அங்கே தெரியும். உரிந்த பெயின்றைக் காய்ந்தபடி சுரண்டினால் தூசி பறக்கும். ஈரமாக்கி அகற்றி, மேலே புதிதாகப் பூசுங்கள். அந்த நேரம் பிள்ளை வீட்டில் இருக்கக் கூடாது. கல்லடியிலோ திருக்கோவிலிலோ முற்றத்து மணலை அகற்ற முடியாது, அது உண்மைதான். ஆனால் மணலுக்குப் போவதற்கு முன் சாப்பாடு, போகும்போது செருப்பு, கையில் வாளியும் அகப்பையும், பக்கத்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ள முடியும். ஆள் இல்லாத நேரம் விளையாட்டு உள்ளே, பாயில்.

அடுத்தது ஈடு கொடுப்பது. பிள்ளை தேடும் உணர்வு எதுவோ அதற்கு நெருங்கியதைக் கொடுக்க வேண்டும். நறநறப்பு என்றால் வறுத்த ரவையில் சீனி, குரக்கன் பிட்டு, காய்ந்தபடியே ஒரு பிடி திரிபோஷா. மொறுமொறுப்பு என்றால் முறுக்கு, பப்படம். நூலைத் தேடும் பிள்ளைக்கு இடியப்பம் ஈடாகாது. அது தேடுவது இழுவையையும் இறுக்கத்தையும். பனாட்டுக் கீற்று, காய்ந்த மாம்பழம், கடிப்பதற்கென்றே செய்த சிலிக்கோன் பொருள் ஆகியவற்றைப் பார்க்கலாம். பக்கத்தில் ஆள் இருந்துதான் கொடுக்க வேண்டும், தொண்டையில் அடைக்காத துண்டாகவும் இருக்க வேண்டும்.

இதில் பலர் தவறுவது நேரத்தில்தான். மண்ணைத் தின்ற பிறகு முறுக்கைக் கொடுத்தால், மண் தின்றால் முறுக்கு வரும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. கொப்பி காட்டும் அந்த நேரத்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, "தட்டில் இருப்பதுதான் சாப்பாடு" என்ற பாடம். எப்போதும் ஒரே நிறத் தட்டு, ஒரே பாய். பிஸ்கட் ஆனாலும் தட்டில் வைத்தே கொடுப்பது. நிலத்தில் விழுந்ததை "பரவாயில்ல" என்று ஊதிக் கொடுப்பதை வீட்டில் எல்லாரும் நிறுத்த வேண்டும். அம்மம்மாவும் மாமியும் உட்பட. பிறகு உணவுப் படங்களையும் உணவல்லாதவற்றின் படங்களையும் இரண்டு பெட்டிகளில் பிரித்துப் போடும் விளையாட்டு.

நான்காவது, மாற்றிக்கொள்ளும் பழக்கம். நிலத்தில் கிடந்ததை எடுத்த பிள்ளை அதை உங்கள் கையில் தந்தால், உடனே அதற்கு மிகப் பிடித்த ஒன்று கிடைக்க வேண்டும். முதலில் நீங்களே ஆபத்தில்லாத, விழுங்க முடியாத அளவுப் பொருளை வைத்துப் பழக்குங்கள்: பெரிய மூடியைப் பிள்ளையின் கையில் கொடுங்கள், கை நீட்டுங்கள், வாங்குங்கள், பரிசு கொடுங்கள். நூறு முறை வேண்டுமானாலும். இது பதிந்துவிட்டால், ஒருநாள் ஈயக் குண்டு கிடைத்தாலும் அது உங்கள் கைக்கு வரும் வாய்ப்பு உண்டு.

வாய்க்குள் போய்விட்டால் கத்தாதீர்கள். முகத்தில் பதற்றம் காட்டாமல், "துப்பு" என்ற ஒரே சொல்லோடு கையை நீட்டி, மற்றக் கையில் மாற்றைக் காட்டுங்கள். தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் பொருள் உள்ளே தள்ளப்படும். கையைக் கட்டுவது, வாயில் மிளகாய் தேய்ப்பது, அறையில் பூட்டுவது எல்லாம் கொடுமை. தயவுசெய்து செய்யாதீர்கள், செய்பவர்களைத் தடுங்கள்.

முன்பள்ளிக்கும் இதே முறை ஒரு தாளில் எழுதிப் போக வேண்டும்: எதைத் தின்கிறது, எந்த நேரம், என்ன ஈடு, என்ன சொல். களிமண், பசை, மெழுகுப் பென்சில் எடுக்கும் நேரத்தில் ஆசிரியையின் கைக்கெட்டும் தூரத்தில் பிள்ளை இருக்கட்டும்.

பைக்காவுக்கென்று தனியாக ஒரு மருந்து கிடையாது. மேலே சொன்ன நடத்தைப் பயிற்சியைத் தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சுச் சிகிச்சையாளர் ஆகியோரின் வழிகாட்டலோடு செய்யும்போதுதான் பலன் அதிகம். மாதக் கணக்கில் எடுக்கும். ஒரு நாளைக்குப் பத்து முறை என்றிருந்தது மூன்று முறையானால், கொப்பியில் அது தெரியும். நன்றாகக் குறைந்த பழக்கம் திடீரெனத் திரும்பினால் புதிதாக எதையும் தொடங்குவதற்கு முன் மூன்று விடயம் பாருங்கள்: பெரிட்டின் மறுபடி இறங்கியதா, மலச்சிக்கல் இருக்கிறதா, வீட்டிலோ பள்ளியிலோ ஆளோ நேரமோ மாறியதா.